சுண்டல் விழும் திருப்பம்

மூன்றாவது தடவையும் வண்டியை நிறுத்தினால் எனக்கு இந்த ஜென்மத்தில் கல்யாணம் கிடையாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

நிஜ வண்டி இல்லை. அவினாசி சாலைப் பொருத்தக் கூடத்தில், தலையில் கவசம் மாட்டிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஓட்டுகிற வண்டி. எங்கள் பாட்டிமார் காலத்தில் ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தார்களாம். அதை இப்போதும் யாரும் விட்டுவிடவில்லை. பதினோராவதாக ஒன்று சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். அதற்குப் பெயர் ஆட்டப் பொருத்தம். பையனும் பெண்ணும் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒரே கதை விளையாட்டை ஆட வேண்டும். முழுநீள நகைச்சுவைப் படம் மாதிரி ஒரு கதை. நடுவில் நாம்தான் நாயகி. எங்கே சிரிக்கிறோம், யாரிடம் பொய் சொல்கிறோம், எந்த இடத்தில் தயங்குகிறோம் என்று இயந்திரம் கவனித்துக்கொண்டே இருக்கும். பிறகு இன்னாருக்கு இன்னார் என்று சொல்லும். அது சொன்னால் கோயம்புத்தூரில் எதிர்ப்பேச்சு கிடையாது.

கதையில் நமக்கு ஒரு நண்பன் உண்டு. பெயர் சுண்டல். பெண் ஆடினாலும் ஆண் ஆடினாலும் அவனேதான். கட்டம் போட்ட சட்டை, சின்னத் தொப்பை, வாயைத் திறந்தால் கிண்டல். முதல் பாதி முழுக்க நம் கூடவே சுற்றுவான். நமக்காக அடி வாங்குவான், காதலனுக்குச் சேதி கொண்டு போவான். இரண்டாம் பாதியில் சண்டை, பிரிவு, அழுகை எல்லாம் முறைப்படி நடக்கும். கடைசியில் காதலன் பதிவுத் திருமண அலுவலகத்தில் காத்துக்கொண்டிருப்பான். அலுவலகம் மூடப் போகிறது. நாம் வண்டியை விரட்டுகிறோம், பின்னால் சுண்டல். உக்கடம் திருப்பத்தில் ஒரு வேகத்தடை. சுண்டல் எகிறிப் போய் ரோட்டோரம் விழுவான். கூட்டமாகச் சிரிக்கிற சத்தம் காதில் கேட்கும். கண் முன்னால் இரண்டு வார்த்தைகள் வரும்: நிறுத்து, போ.

நான் இரண்டு தடவையும் நிறுத்தினேன். விழுந்தவனைத் தூக்கி உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, பல் ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார்த்தேன். நான் பல் டாக்டர், கை தானாக அங்கேதான் போகும். அதற்குள் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். காதலன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். இயந்திரம் எனக்குக் கொடுத்த தீர்ப்பு: காதல் வேகம் போதாது.

மொத்தம் மூன்று ஆட்டம்தான் அனுமதி. மூன்றாவதில் வருவதுதான் நிரந்தரப் பதிவு. இதற்காகவே காந்திபுரத்தில் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. 'சுண்டல் விழும்போது கண்ணை மூடிக்கொண்டு போ என்பதை அழுத்தவும்' என்று சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியார், அதற்கு ஒரு கட்டணம். என் சித்தி பெண் அப்படிப் பழகித்தான் போன தையில் கல்யாணம் முடித்தாள். நானும் வகுப்புக்குப் போனேன். வகுப்பிலேயே நிறுத்தினேன்.

எனக்குக் கல்யாணம் வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவள் நான், சாயங்காலம் கிளினிக்கை மூடினால் என் வாயைத் திறந்து பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. இன்றைக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கவிடாமல் என் கையைக் கடித்த போலீஸ்காரரைப் பற்றிச் சொன்னால் சோற்றைப் பிசைந்தபடியே சிரிக்கிற ஆள். வேறு பெரிய கனவு எதுவும் இல்லை.

அதுவரை அந்தக் கதைகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் ரிஸ்வானா. கல்லூரிப் பேருந்தில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டு ஆரம்பித்த சிநேகம். அந்தப் பேருந்தில் ஒரு பழைய திரை இருந்தது. ஓட்டுநர் தினமும் ஏதாவது பழைய காமெடியைப் போடுவார். ஒரே இடத்தில் இரண்டு பேரும் வெடித்துச் சிரித்த நாளிலிருந்து ஜன்னல் சீட்டைப் பங்கு போட்டுக்கொண்டோம். அதனால் அந்தப் படங்களை யாராவது ஒரேயடியாகத் திட்டினால் எனக்குக் கோபம் வரும். அவளை எனக்குக் கொடுத்தது அவைதான்.

படித்து முடித்த பிறகு ரிஸ்வானா பொருத்தக் கூடத்தில் வசனம் எழுதுகிறவளாகச் சேர்ந்தாள். சுண்டல் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் அவள் எழுதியது. அந்த வேலைக்காக அவள் நடையாய் நடந்தது எனக்குத் தெரியும். 'காமெடி எழுதப் பொம்பளையா?' என்று கேட்ட மேலாளர்களுக்கு முன்னால் சுண்டலாகவே பேசிக் காட்டிச் சிரிக்க வைத்து வாங்கிய வேலை அது. கல்யாணத்தில் அவளுக்கு நாட்டமில்லை. வீட்டில் சொல்லிவிட்டாள். ஒரு பெருநாள் முழுக்க அழுதுவிட்டு அவர்களும் விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது ஆட்டத்தில் தோற்ற அன்று கூடத்துக் கேன்டீனில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, விழுந்தவனத் தூக்கினா அது தப்பா? எந்த ஊரு நியாயம் இது?"

"இயந்திரத்துகிட்ட நியாயம் கேக்கற பாரு." அவள் என் தட்டிலிருந்த பப்ஸை எடுத்துக் கடித்தாள். "அதுக்குக் காதல்னா என்னன்னு யாரு சொல்லிக் கொடுத்தாங்கன்னு நெனைக்கற? பழைய காமெடிப் படம், காதல் கேமு, எல்லாத்தையும் மூட்டை மூட்டையா உள்ள கொட்டிருக்காங்க. அதுல காதல்னா ஓடறது. ரயிலுக்குப் பின்னால, பஸ்ஸுக்குப் பின்னால, ஏர்போர்ட்டுக்குள்ள. எவன் வேகமா ஓடறானோ அவன் நெசமா காதலிக்கறான்."

"சிநேகம்னா?"

"சிநேகம்னா, ஓடறவனுக்கு வண்டி குடுக்கறது. அடி வாங்கறது. கடைசில சாட்சிக் கையெழுத்துப் போடறது. அவன் சாப்டானா, அவனுக்கு அப்பா அம்மா இருக்காங்களான்னு எந்தப் படத்துலயாவது கேட்டிருக்காங்களா? அவன் விழுந்தா சிரிக்கோணும். விழற சீன் எழுதச் சொன்னப்ப நான் கேட்டேன், 'விழுந்ததும் என்ன சார் ஆகும்?'னு. 'அப்புறம் அவன் எதுக்கும்மா?'ன்னாங்க."

"எங்கிட்ட அவங்கம்மாவப் பத்திச் சொன்னானே?"

"அது நான் வெச்சது. முதல் பாதில ஒரு இடத்துல, 'வாடா, எங்க வீட்டுல சாப்பிடலாம்'னு நாம கூப்பிட்டா அவன் அவங்கம்மாவப் பத்திச் சொல்லுவான். யாரும் கூப்பிடறதில்ல. நீ ரெண்டு வாட்டியும் கூப்பிட்ட." பப்ஸ் துணுக்கைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "அடுத்த வாட்டி ரெண்டாம் பாதிய நான் ஆடறேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆள்மாறாட்டம் அவ்வளவு எளிதா என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் எளிது. இயந்திரம் எந்த நாட்டிலிருந்தோ வந்தது. அவர்கள் ஆட்டத்தை ஒரே மூச்சாக ஓடும்படி செய்து அனுப்பியிருந்தார்கள். வந்த முதல் வாரமே ஆடுகிறவர்களுக்குத் தலைசுற்றல், கூட வந்த அம்மாக்களுக்குப் பசி. 'இடைவேளை இல்லாத படத்துக்கு இந்த ஊர்ல எவன் வருவான்?' என்று கூடத்து முதலாளி நடுவில் கத்தரி போட்டு இடைவேளை வைத்தார். கூடவே கேன்டீன், பப்ஸ், டீ. ஆனால் கண்ணைக் காட்டி ஆளை உறுதிசெய்கிற சோதனை ஆட்டத்தின் தொடக்கத்தில் மட்டும்தான் இருந்தது. இடைவேளைக்குப் பிறகு மறுபடி சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"மாட்டினா உன் வேலை போயிரும்" என்றேன்.

"போகும்."

"அப்புறம் உன்னை எவனும் எழுதக் கூப்பிட மாட்டான். ரெண்டு பேரு பதிவும் ரத்து. போலீசு வேற வரும்."

"அதெல்லாம் தெரியும். விதிமுறைய நல்ல தமிழ்ல எழுதிக் குடுத்ததே நாந்தான்" என்றாள் ரிஸ்வானா.

மூன்றாவது ஆட்டத்தன்று முதல் பாதியை நான் ஆடினேன். சுண்டலை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டேன். இடைவேளை மணி அடித்ததும் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன். கூடத்து ஊழியர்கள் போடும் வெள்ளைக் கோட்டும் அடையாள அட்டையுமாக ரிஸ்வானா எதிரே வந்தாள். நடைபாதையில் பேக்கரிக்காரன் ஒருவன் பப்ஸ் தட்டோடு குறுக்கே வந்து அவளை இடிக்கப் பார்த்தான். 'பாத்துப் போங்க' என்று அதட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பெண்கள் கழிப்பறையில் உட்கார்ந்து, கடைசி மணி அடிக்கும்வரை நகம் கடித்தேன். பல் டாக்டர் செய்யக் கூடாத காரியம் அது.

அடுத்த வாரமே பதில் வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நாற்றுப் பண்ணை வைத்திருக்கிற இளம்பரிதி. பொருத்தம் பத்துக்கு ஒன்பதரை. அம்மா அந்தச் சீட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நான் போய் எடுக்கும்வரை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். இளம்பரிதி, அவன் அம்மா, கூட ஒரு நண்பன். உள்ளே ரிஸ்வானா என் அம்மாவோடு நின்று பஜ்ஜி சுட்டுக்கொண்டிருந்தாள். நாயகியின் சிநேகிதிக்குக் கதைகளில் வேறென்ன வேலை கொடுக்கிறார்கள்? முன்னறையை எட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள்.

"அந்தக் கூட வந்தவன் எங்க கேன்டீனுக்குப் பப்ஸ் போடறவன்டி. ஜோயலு."

"பொள்ளாச்சி ரோட்டு பேக்கரியா?"

"ஆமா. ரெண்டு வருசமா இவன் பப்ஸத்தான் தின்னுட்டிருக்கேன்."

முன்பெல்லாம் பெண்ணைப் பாடச் சொல்வார்களாம். இப்போது சுவரில் காட்சி போடுகிறார்கள். இரண்டு பேர் ஆட்டத்திலிருந்தும் உச்சக்காட்சியை மட்டும் வெட்டி, பொருத்தக் கூடமே அனுப்பி வைக்கும். திரையில் தெரிவது நம் முகம் இல்லை, கதையின் முகம்தான். ஆனால் ஓட்டுகிற கை நம்முடையது என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

முதலில் என் காட்சி. உக்கடம் திருப்பம், வேகத்தடை, சுண்டல் எகிறி விழுகிறான். வண்டி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. புயல் மாதிரி போய் அலுவலகப் படியில் நின்றது.

"பாருங்க, திரும்பிக்கூடப் பாக்கல!" என்று இளம்பரிதியின் அம்மா கையைத் தட்டினார். "என்ற பையன் மேல இத்தனை உசுரா வர்ற பொண்ணு கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கோணுங்க."

நான் அவனைப் பார்த்தேன். அவன் தட்டில் இருந்த பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து அவன் காட்சி. அதே திருப்பம். அதே சுண்டல். அவனும் நிறுத்தவில்லை. விழுந்தவனுடைய கால்மேல் ஏறாத குறையாக வளைத்து ஓட்டிக்கொண்டு போனான். எங்கள் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். ஆள் அழகாக இருந்தான், பேச்சில் மரியாதை இருந்தது, ஒன்பதரைப் பொருத்தம் இருந்தது. ஆனால் விழுந்தவனைத் தாண்டிப் போகிறவனோடு நான் எப்படி உட்கார்ந்து சோறு தின்பேன்? ஆடியது ரிஸ்வானா என்பதால் என் காட்சியை மன்னித்துவிட்டேன், அவனுடையதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"ரெண்டு பேரும் மாடிக்குப் போயி நாலு வார்த்தை பேசிட்டு வாங்க கண்ணு" என்றாள் அம்மா.

மாடியில் துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அவன்தான் முதலில் பேசினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேல எந்தக் கொறையும் இல்லீங்க. ஆனா எனக்கு இது சரிப்பட்டு வராதுங்க."

சொல்ல வந்ததை எனக்கு முன்னால் அவன் சொல்லிவிட்டான் என்பதில் எனக்குக் கோபம் வந்தது. "ஏன்?" என்றேன்.

"அந்தப் பையன் விழுந்தப்ப நீங்க நிறுத்தலைங்களே."

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. "நீங்களும்தான் நிறுத்தல!"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். முகம் சிவந்துவிட்டது. "ஆமாங்க" என்றான் தரையைப் பார்த்து. "நிறுத்தலைதான்."

எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. நிறுத்தாதவன் எதற்காக இன்னொருத்தி நிறுத்தவில்லை என்று வருத்தப்பட வேண்டும்? ஆனால் நான் யோசிக்கவில்லை, என் அவஸ்தை எனக்கு. 'அது நான் இல்லை' என்ற மூன்று வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சொன்னால் இவன் என்னைச் சரியாகப் புரிந்துகொள்ளக்கூடும். சொன்னால் ரிஸ்வானாவின் வேலை, ஊர் பேர் தெரியாத ஒருவன் கையில். நாளைக்கே அவன் கூடத்துக்குப் போன் போட்டால்? சுண்டலின் குரல் அவளிடமிருந்து போய்விடும். சொல்லாவிட்டால் என் மூன்றாவது ஆட்டமும் போகும், பையன் வீட்டார் வேண்டாமென்று போன பெண் என்ற பெயர் நிற்கும்.

பிறந்ததிலிருந்து வாயை அடக்கத் தெரியாத நான் அன்றைக்கு அடக்கினேன்.

"ஆமாங்க, நான் நிறுத்தல. நீங்க சொல்றது சரிதான். கீழ போயி வேண்டாம்னு சொல்லிரலாம்" என்றேன்.

"வேண்டாம்" என்றது இன்னொரு குரல்.

ரிஸ்வானா மாடிப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் பஜ்ஜித் தட்டு. கையெல்லாம் மாவு.

"ரிஸ்வானா, கீழ போ."

"நீ சும்மா இருடி. ஏனுங்க, ரெண்டாம் பாதிய ஆடுனது இவ இல்ல. நாந்தான். என் பேரு ரிஸ்வானா, அந்தக் கூடத்துல வேலை செய்யறேன். யாருகிட்ட வேணா சொல்லிக்குங்க. இவ மூணு வாட்டியும் நிறுத்தியிருப்பா. இவளுக்கு நிறுத்தத்தான் தெரியும்."

இளம்பரிதி அவளையே பார்த்தான். "நீங்க ஏன் நிறுத்தலைங்க?"

"சுண்டலை எழுதறதே நான். அடுத்த ஆட்டத்துல அவன் எந்திரிச்சு நிப்பான்னு எனக்குத் தெரியும்." அவள் தட்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். "அன்னைக்கு ரோட்டுல விழுந்து கெடந்தது அவன் இல்லீங்க, இவ. இவளத் தூக்கறதுக்குத்தான் நான் அவ்வளவு வேகமாப் போனேன்."

பதினொரு வருடச் சிநேகத்தில் அவள் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாங்கள் அப்படிப் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை.

இளம்பரிதி மாடி விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்து, "டேய் ஜோயலு, மேல வாடா" என்று கத்தினான். போலீசுக்கு ஆள் அனுப்பப் போகிறான் என்றே நினைத்தேன். ரிஸ்வானாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பஜ்ஜி மாவு எனக்கும் ஒட்டியது.

ஜோயல் வந்தான். வாயில் பஜ்ஜி.

"டேய், அன்னைக்கு இடைவேளைல நீ எங்கடா போனே? இவங்ககிட்ட சொல்லு."

ஜோயலின் வாய் அசைவது நின்றது. "எந்த அன்னைக்கு?"

"பப்ஸ் தட்டை வெச்சிட்டு."

"மாப்ளே, யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீதானடா சத்தியம் வாங்கினே!"

அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. ரிஸ்வானா தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"நானும் ரெண்டு வாட்டி நிறுத்திட்டேனுங்க" என்றான் இளம்பரிதி. இப்போது அவன் முகத்தைப் பார்க்க முடிந்தது. "காதல் வேகம் போதாதுன்னு சீட்டு. மூணாவது வாட்டி இவன், 'நீ உக்காருடா, நான் போறேன்'னான். இவனுக்கும் இன்னும் கல்யாணம் ஆகல. மாட்டியிருந்தா இவன் பதிவும் போயிருக்கும். அதான் நான் இவ்வளவு நேரம் வாயத் தொறக்கல."

"சுண்டலோட அம்மா எந்த ஊருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ரிஸ்வானா திடீரென்று கேட்டாள், பரீட்சை வைப்பதுபோல.

"சத்தியமங்கலம். பல்வலிக்காரம்மா. மூணு வாட்டியும் அவன வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டேனுங்க. அவிய அம்மா பல்லைப் பத்தித்தான் பேசிட்டிருந்தான்."

ரிஸ்வானா என் பக்கம் திரும்பினாள். அவள் கண் நிறைந்திருந்தது. அந்த வசனத்தைக் கேட்டவர்கள் உலகத்திலேயே நானும் அவனும் மட்டும்தான் என்று பிறகு சொன்னாள். முதல் பாதி நாங்கள் ஆடியது. அதில் எங்களுக்குப் பத்துக்குப் பத்து. இரண்டாம் பாதியில் அரை மதிப்பெண் குறைந்ததுகூட, ஜோயல் சுண்டலை அநாவசியமாகக் காலருகே வளைத்து ஓட்டியதால்தானாம்.

"பல்வலிக்கு டாக்டரு இங்க இருக்கேன்" என்றேன். ரொம்ப சாமர்த்தியமான பேச்சு இல்லைதான். ஆனால் அவன் சிரித்தான். பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே சிரித்தான். நான் தேடிக்கொண்டிருந்த சிரிப்பு அதுதான்.

நாங்கள் நான்கு பேரும் கீழே போய்ச் சம்மதம் என்று மட்டும் சொன்னோம். மற்றதை யாரிடமும் சொல்லவில்லை. இதைப் படிக்கிற உங்களிடம் சொல்வதற்குக் காரணம், கூடத்தில் இப்போது இடைவேளைக்குப் பிறகும் கண் சோதனை உண்டு, இனி யாரும் எங்களைப் பார்த்து ஆள் மாற முடியாது. ஓட்டையை அடைக்கச் சொன்னதே ரிஸ்வானாதான். அடைப்பதற்கு முன்னால் மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, தன் கல்யாணத்துக்கும் இரண்டாம் பாதியை மச்சான்தான் ஆடினான் என்று சொன்னாராம்.

இந்த மாதிரிக் கதைகளில் பழகியவர்கள் இந்நேரம் ரிஸ்வானாவையும் ஜோயலையும் சேர்த்து வைத்திருப்பார்கள். எங்கள் அம்மாவே வைத்தாள். நான் அதை ரிஸ்வானாவிடம் கேட்டதற்கு, "நல்ல பையன். பப்ஸுல மட்டும் உப்பு ஜாஸ்தி" என்றாள். அவ்வளவுதான் அந்தக் காதல் கதை. இப்போது அவர்கள் இரண்டு பேரும் ஞாயிறுதோறும் பேக்கரி வாசலில் நின்று எங்களைப் பற்றி வம்பு பேசுகிறார்கள். அது இரண்டு பேருக்கும் போதுமாக இருக்கிறது.

கல்யாண மண்டபம் தையில்தான் கிடைத்தது. பதிவை முன்னாலேயே முடித்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை நேரம் வாங்கினோம். பெரியவர்கள் முன்கூட்டியே போய்விட்டார்கள். நாங்கள் வந்த கார் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் சிக்கியது. அலுவலகம் மதியத்தோடு மூடிவிடும். ஜோயல் தன் கடைப் பையன்களுக்குப் போன் போட்டு இரண்டு ஸ்கூட்டர்களை வரவழைத்தான். ஒன்றில் பரிதியும் ஜோயலும். இன்னொன்றை நான் பட்டுப்புடவையோடு ஓட்டினேன். பின்னால் மாலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ரிஸ்வானா.

உக்கடம் திருப்பம் இல்லை. வேறொரு திருப்பம், பெயர்கூடத் தெரியாது. வேகத்தடை என்று ஒன்றும் இல்லை, ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். பின்னால் பாரம் குறைந்தது எனக்குத் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். ரிஸ்வானா ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாலைகள் கிடந்தன. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"போடி!" என்று கத்தினாள். "எனக்கு ஒண்ணுமில்ல, நான் ஆட்டோ புடிச்சு வர்றேன். மூடிருவாங்க, போ!"

நான் ஏற்கெனவே இறங்கிவிட்டேன். வண்டியை நிறுத்தினேனா, போட்டுவிட்டு ஓடினேனா என்று நினைவில்லை. அவள் தாடையைப் பிடித்து, "வாயத் தொற" என்றேன்.

"கையிலதான்டி அடி!"

"தொறடி!"

பல் எல்லாம் இருந்தது. அதற்குள் எதிர்ப்பக்கமாக ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. எங்களுக்கு முன்னால் போய்விட்டவர்கள், எங்களைக் காணாமல் எதிர்த்திசையிலேயே திரும்பி வந்திருந்தார்கள். பரிதி வேட்டியை மடித்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தான். ஜோயல் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். யாரும் சிரிக்கவில்லை. நானும் பரிதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. இரண்டு பேரும் அவள் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அறிவு கெட்டவங்களா" என்று ரிஸ்வானா அழ ஆரம்பித்தாள். "நான் எழுதின சீன்ல யாருமே திரும்பி வரமாட்டாங்கடி."

"அதான் உன் சீன் நல்லால்லைன்னு நான் மூணு வருசமாச் சொல்லிட்டிருக்கேன்" என்றேன். நானும் அழுதுகொண்டிருந்தேன். அவள் இருந்ததற்கு, அவள் எனக்காக வேகமாகப் போனதற்கு, எனக்காக நின்றதற்கு, எதற்கும் நான் நன்றி சொன்னதில்லை. அப்போதும் சொல்லத் தெரியாமல் அவள் முடியிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அலுவலகம் மூடிவிட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை போனோம். ரிஸ்வானா கட்டுப்போட்ட கையால் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்; கையெழுத்து கோணல்மாணலாக வந்தது. அதைப் பார்த்து முகம் சுளித்த அலுவலரிடம் பரிதி, "பரவால்லைங்க, அவங்களுக்காக எத்தனை நாள் வேணாலும் வருவோம்" என்றான்.

இந்தப் புத்தாண்டிலிருந்து கூடத்தில் புதுக் கதை ஓடுகிறது. மேலாளரோடு சண்டை போட்டு ரிஸ்வானா கடைசிக் காட்சியை மாற்றி எழுதியிருக்கிறாள். சுண்டல் விழுகிறான். நாயகி நிறுத்தினால், அலுவலகத்தில் காத்திருக்கிற காதலன் படியிறங்கி ஓடி வருகிறான். நான் போய் ஆடிப் பார்த்தேன். கல்யாணமானவளுக்கு அங்கே என்ன வேலை என்று வாசலில் கேட்டார்கள். எழுத்தாளரின் சிநேகிதி என்று சொன்னேன், விட்டுவிட்டார்கள்.

திருப்பத்தில் நிறுத்தி இறங்கினேன். நான் ஒன்றும் செய்வதற்கு முன்பே, எனக்குத் தெரியாமல் அவள் எழுதி வைத்திருந்த வசனம் வந்தது. சுண்டல் ரோட்டில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தான்.

"ஒண்ணும் ஆகலைங்க டாக்டரு" என்றான். "இருந்தாலும் வாயத் தொறக்கட்டுமா?"